மழைக்காலத்தில் வீட்டுக்குள் காரீயம் உருக்கலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கித் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பட்டணத்தில் இருக்கிறீர்கள். பேராக் ஆற்றில் ஊடாங் காலா என்னும் பெரிய ஆற்று இறால் பிடிக்கத் தூண்டில் குண்டும், உங்கள் அப்பாவின் வீச்சுவலைக்கு ஈயமணியும் நீங்களே வார்த்துக்கொள்கிறீர்கள். டயர் கடையில் கழித்துப் போட்ட, சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் பேலன்சிங் எடைத்துண்டுகளையும் பழைய வலைமணிகளையும் சேர்த்து உருக்குகிறீர்கள். நவம்பர் மழை பிடித்ததிலிருந்து குண்டுகள் சுருக்கம் விழுந்து, ஓரம் நிரம்பாமல் வருகின்றன. எங்கோ படித்த குளிர்காலக் குறிப்புகளை வைத்துக் குளிர்தான் காரணம் என்று எண்ணி, கேஸ் அடுப்பைச் சமையற்கட்டுக்குள் கொண்டுவந்து, சாரல் அடிக்காதபடி சன்னலைச் சாத்திக்கொண்டு இரண்டு ஞாயிற்றுக்கிழமை வார்த்திருக்கிறீர்கள். தீயை இன்னும் கூட்டினால் குண்டு சரியாக விழுமா என்பது கேள்வி. கடைசியில் ஒரே ஒரு வரியாக, வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது, புகையால் அதற்கு ஏதும் ஆகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரியைத்தான் நான் தலைக் கேள்வியாக எடுத்துக்கொள்கிறேன். சமையற்கட்டில் இனி ஒரு முறைகூட உருக்க வேண்டாம். தீயைக் கூட்டவும் வேண்டாம். குண்டு சுருங்குவதற்கு மழைக்குளிர் காரணமும் இல்லை. ஏன் என்பதை விரித்து எழுதுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ரப்பர் ஆலையிலும், பிறகு ஒரு செம்பனை ஆலையிலுமாக 34 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தேன். பழைய உருளை இயந்திரங்களின் தாங்கிகளுக்கு ‘வைட் மெட்டல்’ வார்ப்பது எங்கள் பட்டறையில் வாடிக்கையான வேலை. அது வெள்ளீயமும் ஆண்டிமனியும் செம்பும் கலந்த உலோகம். மலிவான வகையில் காரீயமே மிகுதியாக இருக்கும். உருக்குவது, கசடு வழிப்பது, அச்சைச் சூடாக்குவது, ஊற்றுவது எல்லாம் நீங்கள் செய்யும் வேலையோடு ஒன்றுதான். ஆகவே உலோகத்தைப் பற்றி நான் சொல்வது கைப்பழக்கத்திலிருந்து வருவது. உடம்பைப் பற்றிச் சொல்வது ஆலையில் பெற்ற பயிற்சியிலிருந்தும், வேலையை ஒட்டிப் படித்ததிலிருந்தும் வருவது. நான் மருத்துவன் அல்லேன். அதையும் மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சொல்லில் ஒரு தெளிவு வேண்டும். நம் பேராக்கில் ‘ஈயம்’ என்பது இரண்டு உலோகங்களுக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயச் சுரங்கம் என்று நாம் சொல்வது வெள்ளீயச் சுரங்கத்தை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயத்தால் ஆனது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும். தூண்டில் குண்டும் வலைமணியும் காரீயம். மலாயில் ‘திமா ஹித்தாம்’ என்பார்கள். ஈயச் சொம்பில் ரசம் குடித்து வளர்ந்த உடம்புக்கு ஈயம் என்ன செய்யும் என்று உங்கள் அம்மா கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் நினைக்கும் ஈயம் வேறு, உங்கள் அடுப்பில் உருகுவது வேறு. வெள்ளீயக் கம்பியைக் காதருகே வைத்து வளைத்தால் நறநறவென்று மெல்லிய ஒலி கேட்கும். காரீயம் சத்தமில்லாமல் வளையும்; வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சிலைப் போலச் சாம்பல் நிறக் கோடு போடும். முன்னது 232 டிகிரி செல்சியஸில் உருகும், பின்னது 327 டிகிரியில்.

இனிச் சுருக்கத்துக்கு வருவோம். மழைக்காலத்தில் நம் ஊரில் பகல் வெப்பம் 32, 33 டிகிரியிலிருந்து 24, 25க்கு இறங்கும். 327 டிகிரியில் உருகும் உலோகத்துக்கு அந்த எட்டு டிகிரி ஒரு பொருட்டே அல்ல. பனி பெய்யும் நாடுகளில் நிலைமை வேறு. அங்கே உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்கள் குளிர்காலத்தில் கார் கொட்டகையில் உட்கார்ந்து தோட்டாவுக்கு ஈயக் குண்டு வார்ப்பதுண்டு. வெளியே பூச்சியத்துக்கும் கீழே இருக்கும்போது அவர்களுடைய அச்சு உண்மையிலேயே மளமளவென்று ஆறிவிடும். அதற்காகக் கதவைச் சாத்துகிறார்கள். சாத்திய பிறகு புகையிலும் தூசியிலும் அகப்பட்டுக்கொள்கிறார்கள். நீங்கள் படித்த குளிர்காலக் குறிப்புகள் அவர்களுக்காக எழுதப்பட்டவை. இங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. தூண்டில் குண்டு வார்ப்பவருக்கு அந்தக் குறிப்புகளில் பயன்படுவது அச்சைச் சூடாக வைத்திருக்கும் பாடம் ஒன்றுதான்.

அந்தப் பாடம் உறுதியானது. ஒரு கிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 ஜூல் வெப்பம் வேண்டும். ஒரு கிராம் காரீயத்துக்கு 0.13 ஜூல் போதும். உருகிய காரீயம் கையில் கனக்குமே தவிர, அதனிடம் கைவசம் இருக்கும் வெப்பம் சொற்பம். அலுமினிய அச்சு அதைத் தொட்ட உடனே உறிஞ்சிவிடும். ஓரம் இறுகிப்போகும், பின்னால் வரும் உலோகம் இறுகியதன் மேல் மடிந்து உட்காரும். நீங்கள் காணும் சுருக்கம் அந்த மடிப்புத்தான். மழைக்காலத்தில் இது மிகுவதற்குக் காரணம் காற்று. சாரலோடு வீசும் காற்று அச்சின் சூட்டை அடித்துக்கொண்டு போகிறது, அடுப்புச் சுடரையும் சாய்க்கிறது. இதற்குத் தீயைக் கூட்டுவது மருந்தாகாது. ஊற்றுவதற்கு முன் கால் மணி நேரம் அச்சைப் பானையின் விளிம்பில் வைத்துச் சூடேற்றுங்கள். முதல் ஐந்தாறு குண்டுகள் எப்படியும் சுருங்கித்தான் வரும்; அவற்றை அச்சைச் சூடேற்றிய செலவு என்று எண்ணி, சூடு ஆறுமுன் பானைக்கே திருப்பிவிடுங்கள். பிறகு நிறுத்தாமல், ஒரே தாளத்தில் ஊற்றுங்கள். ஒவ்வொரு குண்டையும் எடுத்துப் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தால் அச்சு ஆறிவிடும். ஊற்றுவாயில் நிற்கும் உலோகம் கண்ணெதிரே சில நொடிகள் நீர்மமாக நின்று பிறகு இறுகினால் அச்சு பதம். ஊற்றிய மறுகணமே இறுகினால் இன்னும் சூடு வேண்டும். குண்டின் மேல் பனி படிந்தாற்போல் வெளுப்பு கண்டால் சூடு மிஞ்சிவிட்டது. அச்சில் எண்ணெய்ப் பசை இருந்தாலும் இதே சுருக்கம் வரும் என்பதால், புதிய அச்சைச் சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகக் காயவைத்த பின்பே சூடேற்ற வேண்டும்.

பானையின் வெப்பம் 370இலிருந்து 400 டிகிரிக்குள் நின்றால் போதும். கேஸ் அடுப்புக்கு அந்த அளவு தெரியாது. திறந்து விட்டால் 500ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். ஆகவே உலோகத்துக்குள் முனையை விட்டுப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்குங்கள். நெற்றிக்கு நேரே பிடித்துப் பார்க்கும் துப்பாக்கி வகைக் கருவியை இதற்கு நம்ப வேண்டாம். பளபளக்கும் உலோகப் பரப்பில் அது உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். நாங்கள் பட்டறையில் காய்ந்த குச்சி ஒன்றை வைட் மெட்டலுக்குள் நுழைத்துப் பார்ப்போம். குச்சி சில நொடியில் பழுப்பாகிக் கருக வேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. அது நல்ல கைக்கணக்குத்தான், ஆனால் குச்சி எலும்புபோல் காய்ந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் அப்படி ஒரு குச்சி கிடைப்பது அரிது.

அச்சு பதமாகியும் சுருக்கம் போகவில்லை என்றால், நான் சந்தேகப்படுவது துத்தநாகத்தை. இது சந்தேகமே, நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்து உறுதிசொல்ல முடியாது. டயர் கடைத் துண்டுகள் எல்லாம் காரீயம் என்றிருந்த காலம் போய்விட்டது. இப்போது துத்தநாகத்திலும் இரும்பிலும் செய்தவை நிறையக் கலந்து வருகின்றன. சிலவற்றின் முதுகில் துத்தநாகத்துக்கு Zn, இரும்புக்கு Fe என்று இரண்டெழுத்துக் குறி பொறித்திருக்கும். குறி இல்லாவிட்டால் கட்டிங் பிளேயரால் கடித்துப் பாருங்கள். காரீயம் வெண்ணெய்போல் பள்ளம் விழும், துத்தநாகம் பல்லுக்குச் சிக்காது. சிமெண்டுத் தரையில் போட்டால் துத்தநாகம் கணீரென்று ஒலிக்கும், காரீயம் தொப்பென்று விழும். துத்தநாகம் உருகுவது 419 டிகிரியில். அதனால் முதலில் துண்டுகளை உருக்கும்போது பானையை 350ஐ ஒட்டி வைத்திருந்தால் தப்பி வந்த துண்டு உருகாமல் மேலே மிதக்கும், கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். தீயைக் கூட்டினால் அது உருகிக் கலந்துவிடும். பிறகு பானை முழுதும் புளித்த மாவைப்போலத் திரிந்து, எந்த அச்சையும் நிரப்பாது. நீங்கள் தீயைக் கூட்டக் கூட்டக் குண்டு மோசமானதாக எழுதியிருப்பதால்தான் எனக்கு இந்த ஐயம். துத்தநாகப் பூச்சுள்ள வாளியையோ தகரத்தையோ பானையாக வைத்தாலும் இதே வினைதான். கெட்டியான இரும்புப் பானையோ எஃகுப் பானையோ வேண்டும். ஐந்து கிலோ காரீயம் அளவில் அரை லிட்டருக்கும் குறைவுதான்; பானை சிறிதாகத் தெரிகிறதே என்று ஒல்லிக்கால் அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

இப்போது நீர். மழைக்காலத்தில் காரீய வேலைக்குப் பெரிய எதிரி இதுதான், இதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. நீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 மடங்கு இடம் கேட்கும். நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி பானையின் மேல்பரப்பில் விழுந்தால் சீறிவிட்டு ஓடிவிடும். அதைப் பார்த்துப் பழகியவர்கள் நீரைப் பற்றி அலட்சியமாகிவிடுகிறார்கள். அதே துளி உலோகத்துக்கு அடியில் போய்விட்டால் கதை வேறு. வெளியேற வழியில்லாத ஆவி, மேலே நிற்கும் காரீயம் முழுவதையும் தூக்கி அடிக்கும். ஒரு டிசம்பர் மாதம் எங்கள் பட்டறையில் இது நடந்தது. நீண்ட கைப்பிடிக் கரண்டி வெளிச்சுவர் ஆணியில் மாட்டியிருந்தது. இரவு பெய்த மழையின் ஈரம் அதன் குழிவில் ஒரு மெல்லிய படலமாக நின்றிருக்கிறது. உடனிருந்த இளைஞர் அதை எடுத்து, துடைக்காமல், நேரே பானைக்குள் அமிழ்த்தினார். சரவெடி போல ஒரு சத்தம். தலைக்கு மேலே தகரக் கூரையில் காரீயம் முத்து முத்தாக ஒட்டிக்கொண்டது. அவருடைய இடது முன்கையில் மூன்று இடங்களில் தோல் வெந்துபோனது. என் கண்ணாடியின் வலது வில்லையில் மிளகளவு ஒரு துளி அப்பியிருந்தது. அந்தக் கண்ணாடியை அன்றைக்குப் போட்டிருந்ததால்தான் இன்றைக்கு இரண்டு கண்ணாலும் பார்த்து இதை எழுதுகிறேன்.

இதனால் உங்களைக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், உருகிய பானைக்குள் புதிதாக எதையும் நேரே போடாதீர்கள். துண்டுகள் எல்லாவற்றையும் ஆறிய பானையில் நிரப்பி, அதன் பிறகே அடுப்பை மூட்டுங்கள். ஈரம் இருந்தால் உலோகம் உருகுமுன் அது காய்ந்து போய்விடும். பழைய வலைமணிகள் இதில் மிகவும் மோசமானவை. வெளியே காய்ந்து தெரியும். துளைக்குள் ஆற்றுச் சேறும் மக்கிய நூலும் நீரைப் பிடித்து வைத்திருக்கும். கரண்டியையும், கசடு வழிக்கும் கம்பியையும் ஒவ்வொரு முறையும் சுடரில் காட்டிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். உங்கள் அப்பா காலத்துச் சிமெண்டு அச்சை எடுத்து வைத்துவிடுங்கள். சிமெண்டும் பிளாஸ்டரும் கைக்குக் காய்ந்ததுபோல் இருந்தாலும் உள்ளுக்குள் நீரை அடக்கி வைத்திருக்கும், சூடு பட்டதும் விட்டுவிடும். கார் பேட்டரியை உடைத்து எடுத்த தகடுகளையும் எந்நாளும் உருக்காதீர்கள். அதில் அமிலம் மட்டும் இல்லை. அதன் கசடு ஈரத்தோடு சேர்ந்தால் ஆர்சின் போன்ற கொடிய நச்சுவாயுவும் எழக்கூடும்.

புகையைப் பற்றிக் கேட்டீர்கள். காரீயம் கொதிப்பது 1,749 டிகிரியில். 400 டிகிரியில் வைத்திருக்கும் பானையிலிருந்து எழும் காரீய ஆவி மிகச் சொற்பம். 500ஐ நெருங்கும்போதுதான் அது கவலைப்படும் அளவாகிறது. கசடு பிரிய நீங்கள் மெழுகு போட்டுக் கிண்டும்போது எழும் புகை பெரும்பாலும் மெழுகின் புகை. இது ஆறுதலாக இருக்கலாம், ஆனால் அதற்குள் நிம்மதி அடைந்துவிட வேண்டாம். வீட்டுக்குள் ஆபத்து தூசியில் இருக்கிறது. உருகிய காரீயத்தின் மேல் மஞ்சளும் சாம்பலுமாக ஓர் ஆடை படியும். அதை வழித்துத் தட்டும்போது மாவுபோல் பறக்கும். அது காரீய ஆக்சைடு. அடுப்புத் திண்ணையில், கைப்பிடித் துணியில், உங்கள் சட்டை மடிப்பில், தரையில் படியும். கண்ணுக்கு அழுக்காகக்கூடத் தெரியாது. அந்தத் தரையில் குழந்தை விளையாடும். விளையாடிய கையை வாயில் வைக்கும். விழுங்கிய காரீயத்தில் பெரியவர் உடம்பு ஏற்பதைப்போல் நான்கைந்து மடங்கைக் குழந்தை உடம்பு ஏற்கும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தீங்கற்ற அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த குழந்தைக்கு உள்ளே போவது இன்னும் மிகும். காய்ச்சல், வாந்தி என்று எந்த அடையாளமும் காட்டாமலே மூளை வளர்ச்சியைத் தொடக்கூடியது என்பதுதான் இதில் என்னைக் கலங்க வைப்பது.

ஆகவே வேலை நடக்க வேண்டிய இடம் வீட்டிலிருந்து விலகிய, நாலு பக்கமும் திறந்த, ஒழுகாத கூரை உள்ள கொட்டகை. காற்று உங்கள் முதுகிலிருந்து பானையை நோக்கிப் போகும்படி நில்லுங்கள். சுடருக்கு மட்டும் ஒரு தகட்டை மறைப்பாக வையுங்கள். கூரை நம்பகமாக இல்லையென்றால் மழை விட்ட நாளுக்குக் காத்திருங்கள். தூண்டில் குண்டு ஒரு வாரம் பொறுக்கும். கண்ணாடி, முழுக்கைப் பருத்திச் சட்டை, தோல் கையுறை, காலை மூடிய சப்பாத்து கட்டாயம். ஜப்பான் சிலிப்பரோடு நிற்காதீர்கள். புகைமூட்டக் காலத்தில் வாங்கிய துணி முகமூடி காரீயத் தூசிக்கு உதவாது; கசடு வழிக்கும்போது பி100 வடிகட்டி வைத்த அரைமுக மூடி வேண்டும். அங்கே நின்று தேநீர் குடிப்பதும் சிகரெட் பிடிப்பதும் கூடாது. முடிந்ததும் சோப்பு போட்டுக் கைமுகம் கழுவி, உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குள் போங்கள். அந்த உடுப்பைக் குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம். கசடை மூடியுள்ள டின்னில் சேர்த்து வையுங்கள். காரீயம் கலந்த கசடு 2005ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் விதிகளில் அட்டவணைக் கழிவாக வைக்கப்பட்டிருக்கிறது. அதை ஆற்றிலோ செம்பனை அடியிலோ கொட்டக் கூடாது.

வலைமணியைப் பொறுத்தவரை வார்க்கவே வேண்டுமா என்பதையும் யோசித்துப் பாருங்கள். இரும்புச் சங்கிலி கோத்த வீச்சுவலை, நம்மவர்கள் ‘ஜாலா ராந்தாய்’ என்பது, நம் ஆறுகளில் நன்றாகவே அமிழ்கிறது. துருப்பிடிக்கும், ஈயமணியைப்போல் சீராக விரியாது என்று உங்கள் அப்பா சொன்னால் அதில் உண்மை உண்டு. பிரிட்டனில் அன்னப்பறவைகள் தூண்டில் ஈயத்தை விழுங்கிச் செத்ததால் 1987இலிருந்து சிறு ஈயக் குண்டுகளுக்குத் தடை இருக்கிறது. அங்கே மீன்பிடிப்பவர்கள் வேறு உலோகத்துக்கு மாறிக்கொண்டார்கள்.

கடைசியாக, அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். சமையற்கட்டைப் பெருக்காதீர்கள், துடைப்பம் தூசியைக் கிளப்பும். சோப்பு நீரில் நனைத்த துணியால் திண்ணை, அடுப்பு, சன்னல் விளிம்பு, தரை எல்லாவற்றையும் துடைத்து, துணியைக் கட்டிப் போட்டுவிட்டு, புதிய துணியால் மறுபடி ஒரு முறை துடையுங்கள். திறந்து கிடந்த பாத்திரங்களைக் கழுவுங்கள். திறந்திருந்த மாவையும் மிளகாய்த்தூளையும் எறிந்துவிடுங்கள். உருக்கிய பானையும் கரண்டியும் இனி ஒருபோதும் சமையலுக்குத் திரும்பக் கூடாது. குழந்தையின் உடம்புக்குள் எவ்வளவு போயிருக்கும் என்பதை நானோ நீங்களோ ஊகிக்க முடியாது. ஒன்றுமே போகாமலும் இருக்கலாம். அதைச் சொல்லக்கூடியது இரத்தச் சோதனை ஒன்றுதான். இரத்தத்தில் உள்ள காரீயம் ஒரு மாதத்தில் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். குறைந்ததில் ஒரு பங்கு எலும்பில் போய்த் தங்கிவிடும். அதனால் தள்ளிப்போடாமல் இந்த வாரமே அழைத்துக்கொண்டு போங்கள். எந்தெந்த நாளில், எத்தனை மணி நேரம், எந்த அறையில் உருக்கினீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்; இரத்தத்தில் காரீய அளவு பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள், ஏனென்றால் வழக்கமான இரத்தச் சோதனையில் அது வராது. ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் அல்லது அதற்கு மேல் வந்தால், காரீயம் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதை நிறுத்த வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். உங்கள் மனைவி கருவுற்றிருந்தால் அவருக்கும் சோதனை வேண்டும். அருகில் நின்று உருக்கியவர் நீங்கள், ஆகவே உங்கள் இரத்தத்தையும் அன்றைக்கே கொடுத்துவிட்டு வாருங்கள்.